சாமிக்கண்ணு தள்ளிய கார்

நவம்பர் மாதம், மாலை நான்கு மணி. முத்தியால்பேட்டையில் அதற்குள் வெளிச்சம் மங்கிவிட்டது. மூன்று நாளாக விட்டுவிட்டுப் பெய்த மழையில் தெரு ஊறிக் கிடந்தது. மெக்கானிக் அப்துல் கையூம் தலையில் ஒரு பிளாஸ்டிக் தாளைக் கவிழ்த்துக்கொண்டு, ஸ்பேனர் பையோடு சைக்கிளில் வந்து இறங்கினார்.

வீட்டு கேட்டில் மூன்று பலகைகள் தொங்கின. முதலாவது, ‘வி. கிருஷ்ணசாமி, கண்காணிப்பாளர் (ஓய்வு)’. இரண்டாவது, ‘தலைவர், ஏழு தெரு குடியிருப்போர் நலச்சங்கம்’. மூன்றாவது, ‘நாய் ஜாக்கிரதை’. நாய் செத்து நான்கு வருடம் ஆகிறது. தலைவர் வீட்டில் நாய்கூட இல்லை என்று ஊருக்குத் தெரிவதை கிருஷ்ணசாமி விரும்பவில்லை. பலகை மட்டும் குரைத்துக்கொண்டிருந்தது.

“வாங்க பாய். கார் ஷெட்டுல இருக்கு.”

“என்னா சார் பண்ணுது?”

“ஸ்டார்ட் ஆவல.”

“எத்தினி நாளா?”

“பதினஞ்சு நாளா.”

இவ்வளவு துல்லியமாகச் சொல்லியிருக்க வேண்டாம் என்று கிருஷ்ணசாமிக்கு உடனே தோன்றியது. ‘கொஞ்ச நாளா’ என்று சொல்லியிருக்கலாம். பதினைந்து நாளுக்கு முன்னால் இந்தத் தெருவில் என்ன நடந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரிந்தது பாதிதான். மீதிப் பாதி கிருஷ்ணசாமியிடம் இருந்தது. அது அவரிடமே இருந்துவிட வேண்டும். நாளை விடியற்காலைக்குள் கார் ஓடவும் வேண்டும். மெக்கானிக் காரைச் சரி செய்ய வேண்டும், ஆனால் ரொம்பவும் துருவிப் பார்த்துவிடக் கூடாது. அவர் வீட்டில் அன்று நடந்த பிரார்த்தனை இதுதான்.

ஷெட் என்பது வீட்டுப் பக்கவாட்டில் தகரம் போட்ட ஒரு இருட்டு. ஈர மண்ணும் பெட்ரோலும் எலிப் புழுக்கையும் கலந்த நாற்றம். நடுவில் அந்த வெள்ளை நிறச் சின்னக் கார். எண்பத்தெட்டாம் வருடத்து வண்டி, மூன்றாவது கை. உள்ளே மட்டும் மெரூன் வெல்வெட்டில் புத்தம்புது சீட் கவர். கிழவனுக்குக் கல்யாண வேட்டி கட்டினாற்போல் இருந்தது.

கையூம் பானெட்டைத் தூக்கி, “பிஸ்மில்லா” என்று முணுமுணுத்து, பேட்டரியில் கை வைத்தார்.

“சாவியப் போடுங்க சார்.”

செல்ஃப் மோட்டார் கர்ர் கர்ர் என்று பலமாகச் சுற்றியது. போன வாரம் வாங்கிய புது பேட்டரியில் குறை இல்லை. எஞ்சின் மட்டும் பற்றவில்லை. இருமக்கூட இல்லை.

கையூம் ஒரு பிளக்கைக் கழற்றி, ஒயரில் மாட்டி, இரும்பில் ஒட்டிப் பிடித்தார். இருட்டில் நீலப்பொறி பளிச் பளிச் என்று தெறித்தது. கரண்ட் வருகிறது. பெட்ரோல் குழாயைப் பிடுங்கினார். பெட்ரோல் பீச்சி அவர் சட்டையை நனைத்தது. அதுவும் வருகிறது.

“மூணாவது காத்து,” என்றார். பிளக் கழற்றிய ஓட்டையில் கட்டை விரலை அழுத்தி வைத்துக்கொண்டு, “சுத்துங்க,” என்றார். எஞ்சின் சுற்றியது. அமுங்கிய காற்று விரலைத் தள்ளிவிட்டு ‘புஸ்’ஸென்று வெளியே வந்தது.

“நல்லா இருக்கே. போதும் சார், நிறுத்துங்க.”

“நிறுத்திட்டேனே.”

கையூம் விரலை எடுக்கவில்லை. அப்படியே குனிந்து நின்றார்.

“சாவிய எடுத்துட்டீங்களா?”

“கையில வச்சிருக்கேன் பாய்.”

கையூம் மெல்ல விரலை எடுத்துத் தன் சட்டையில் துடைத்தார். மறுபடி வைத்தார். மறுபடி எடுத்தார்.

“என்னா பாய்?”

“ஒண்ணும் இல்ல.” குரல் இறங்கியிருந்தது. “ஓடாத எஞ்சின்ல காத்து வருது. உள்ள இழுக்குது. வெளிய வுடுது.”

“அதனால?”

“மூச்சு வாங்குற மாதிரி இருக்குது சார்.”

கிருஷ்ணசாமி சிரிக்க முயன்றார். சங்கக் கூட்டங்களில் எதிர்ப்பாளர்களைப் பார்த்துச் சிரிக்கும் அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றது. ஷெட்டில் பீடி வாசனை வந்தது. அவருக்குப் பீடிப் பழக்கம் இல்லை. கையூமுக்கும் இல்லை.

கையூம் பிளக்கைத் திரும்பப் பொருத்திவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் போனார். கிருஷ்ணசாமி ஒரு எட்டு முன்னால் வந்தார். அந்த வட்ட மூடிக்குள் கட்டை விரல் அளவில் ஒரு கறுப்புத் துண்டு உட்கார்ந்திருக்கும். ரோட்டார் என்பார்கள். நான்கு பக்கமும் கரண்டைப் பங்கிட்டுக் கொடுப்பது அதுதான். அதைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டால், அந்த வண்டியை ஊரே கூடித் தள்ளினாலும் ஓடாது.

“மூடிய தொறக்க வேணாமே பாய். அது நல்லா இருக்கு.”

“நல்லா இருக்குன்னா எதுக்கு சார் என்னக் கூப்ட்டீங்க?” கையூம் மூடியைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். “வண்டி பூரா பத்து வருசத்துத் தூசி. இந்த ரெண்டு கிளிப்பு மட்டும் தொடச்சி வச்ச மாதிரி இருக்குது. ரோட்டார யாரோ கழட்டி மாட்டியிருக்காங்க.”

“எலியா இருக்கும்.”

“எலி கிளிப்ப எடுக்கும். திரும்ப மாட்டிட்டுப் போவுமா சார்?”

கையூம் அதற்கு மேல் கேட்கவில்லை. டார்ச்சை அணைத்தார். அவ்வளவுதான். ஆனால் முப்பது வருடமாக மெக்கானிக் வேலை பார்க்கிறவர் டார்ச்சை அணைப்பதற்கு முன் ஒரு முகத்தைப் பார்க்கிற விதம் ஒன்று உண்டு. கண்காணிப்பாளர் (ஓய்வு) தலையைத் தாழ்த்திக்கொண்டார்.

பதினைந்து நாளுக்கு முன் நடந்தது இது.

எதிர்வீட்டு சாமிக்கண்ணு மில் தொழிலாளி. மூன்று வருடமாக, காலை ஆறரைக்கு ஷிப்டுக்குப் போகும் முன், இந்தக் காரைத் தள்ளிவிட்டுப் போவது அவர் வழக்கம். பழைய பேட்டரி தினமும் மக்கர் பண்ணும். புது பேட்டரி வாங்க கிருஷ்ணசாமிக்கு வசதி இருந்தது. சும்மா தள்ள ஆள் இருக்கும்போது வாங்குவானேன் என்று மூன்று வருடம் யோசித்தார். ‘தள்ளட்டுங்களா சார்?’ என்று சாமிக்கண்ணு கேட்பார். பீடியை அணைத்துக் காதில் செருகிக்கொண்டு தள்ளுவார். வண்டி இருமிக் கிளம்பும். கிருஷ்ணசாமி கண்ணாடி வழியாகத் தலையை ஒரு அங்குலம் அசைப்பார். நன்றி சொல்லும் வேலை அந்த ஒரு அங்குலத்தோடு முடிந்துவிடும்.

அன்று அடைமழை. தெருவில் முழங்கால் தண்ணீர். ஆட்டோ வரவில்லை, போன் செத்துக் கிடந்தது. சாமிக்கண்ணுவுக்கு நெஞ்சு வலி, வாந்தி. அவர் மனைவி அன்னக்கிளி நனைந்துகொண்டே ஓடிவந்து கேட்டை உலுக்கினாள். “சார், காரக் கொஞ்சம் எடுங்க சார். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போவணும்.”

மறுநாள் சங்க ஆண்டுவிழா. சிறப்பு விருந்தினரை அழைத்துவர, அன்று காலையில்தான் மெரூன் வெல்வெட் சீட் கவர் மாட்டியிருந்தது. வாந்தி எடுக்கிற மனிதன். வெல்வெட். கிருஷ்ணசாமியின் மனதில் இந்த இரண்டும்தான் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன. மூன்றாவதாக எதுவும் வரவில்லை.

“ஸ்டார்ட் ஆவலியேம்மா,” என்றார்.

“தள்ளிக்கிறோம் சார்! ராஜவேலக் கூப்புடுறேன்!”

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. ஒரு பொய் சொன்னால் அதற்குச் சான்றும் தயாரிக்க வேண்டியிருக்கிறது. பானெட்டைத் தூக்கினார், ரோட்டாரைப் பிடுங்கினார், பையில் போட்டார். பிறகு டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். தெரு தள்ளியது. டீக்கடை இராமதாஸ் தள்ளினார். பக்கத்து வீட்டு ராஜவேல் தள்ளினான். அன்னக்கிளி தள்ளினாள். ஆள் போதவில்லை என்று, வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்த சாமிக்கண்ணுவே எழுந்து வந்து, பழக்க தோஷத்தில், டிக்கியில் கை வைத்தார்.

தெருக்கோடி வரை தள்ளினார்கள்.

கடைசியில் ஒரு மூன்று சக்கர சரக்கு வண்டியில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். மணிக்கூண்டைத் தாண்டவில்லை.

சிறப்பு விருந்தினர் மறுநாள் வரவில்லை. மழையாம்.

இரங்கல் கூட்டத்தில் தலைவர் இருபது நிமிடம் பேசினார். இயந்திரங்கள் மனிதனைக் கைவிட்டுவிடும் காலம் இது என்றார். கைதட்டல் வரும் வேகத்தில், பதினாறாம் நாள் காரியத்துக்கு அன்னக்கிளியையும் பிள்ளைகளையும் தன் காரிலேயே திருக்காஞ்சி ஆற்றங்கரைக்கு அழைத்துப்போவதாகவும் அறிவித்துவிட்டார். பிறகு வீட்டுக்கு வந்து பார்த்தால், ரோட்டாரை மாட்டியும் கார் ஓடவில்லை. நிஜமாகவே ஓடவில்லை.

நாளைதான் பதினாறாம் நாள்.

“சார்.” கையூமின் குரல் அவரை ஷெட்டுக்கு இழுத்து வந்தது. “வண்டிய நவுத்தினீங்களா?”

“இல்லியே.”

“முன்சக்கரத்துக்கு முன்னாடி கல்லு வச்சிருந்தேன்.”

கல் இரண்டடி தள்ளிப் போய்க் கிடந்தது. ஹேண்ட் பிரேக் போட்டது போட்டபடி இருந்தது. கார் ஷெட் வாசலுக்கு இரண்டடி நெருங்கியிருந்தது.

ஷெட்டின் பின்சுவருக்கும் டிக்கிக்கும் நடுவில் ஆள் நிற்கிற இடம் இருந்தது.

அங்கே ஈர மண்ணில் செருப்பு வழுக்குகிற சத்தம் கேட்டது.

ஒரு முறைதான்.

கையூம் பையைச் சுருட்டினார். “எல்லாம் சரியா இருக்குது சார். கரண்ட் இருக்குது, பெட்ரோல் இருக்குது, காத்து இருக்குது. இதுக்கு மேல எனக்குத் தெரிஞ்ச வைத்தியம் ஒண்ணுதான். தெருவுல வுட்டுத் தள்ளிப் பாக்கலாம்.”

“வேண்டாம்,” என்றார் கிருஷ்ணசாமி. சொன்னது தன் காதிலேயே விழவில்லை.

ஆனால் கையூம் சொன்னது தெருவின் காதில் விழுந்துவிட்டது. தள்ளு என்ற சொல் காற்றில் வந்தால் போதும், அந்தத் தெரு வந்துவிடும். ராஜவேல் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தான். இராமதாஸ் கல்லாவை விட்டு வந்தார். எதிர்வீட்டிலிருந்து, நெற்றியில் பொட்டில்லாமல், அன்னக்கிளியும் வந்தாள்.

“நீ எதுக்கும்மா?” என்றார் இராமதாஸ்.

“எங்கள ஏத்திக்கினு போவப் போற வண்டி. நாங்க கை வக்கலன்னா எப்பிடி?” என்றாள்.

கிருஷ்ணசாமி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். வெல்வெட் ஈரமாக இருந்தது. மழைத் தண்ணீர் எங்கிருந்தோ ஒழுகியிருக்க வேண்டும். அப்படித்தான் நினைத்துக்கொள்ள முயன்றார்.

“தள்ளு!” என்றான் ராஜவேல்.

கார் நகர்ந்தது. கண்ணாடியில் பார்த்தார். இடது பக்கம் ராஜவேல். வலது பக்கம் இராமதாஸ். ஓரத்தில் அன்னக்கிளி. கையூம் சன்னலோரம் நடந்து வருகிறார். டிக்கியின் நடுவே யாரும் இல்லை. அங்கே மட்டும் காரின் பின்கண்ணாடியில் ஆவி படிந்து மறைந்தது. படிந்து மறைந்தது.

“என்னாடா இது, வெயிட்டே இல்ல,” என்றான் ராஜவேல் பின்னாலிருந்து. “நா சும்மா கைய வச்சிக்கினு வரேன். யார்ரா இவ்ளோ ஜோரா தள்றது?”

இரண்டாம் கியரில் கிளட்சை விட்டார். ஒன்றும் இல்லை. மறுபடி. ஒன்றும் இல்லை. ஒரு சின்ன இருமல்கூட இல்லை. தெருக்கோடி வந்தது. போன முறை நின்ற அதே தெருக்கோடி.

எல்லாரும் கையை எடுத்துவிட்டு நின்றார்கள்.

“அன்னிக்கும் இப்பிடித்தான், பொணமாட்டம் வந்துச்சு,” என்றான் ராஜவேல்.

கிருஷ்ணசாமி கதவைத் திறக்காமல், சன்னல் வழியாகப் பேச ஆரம்பித்தார். “என்ன செய்வது, இயந்திரக் கோளாறு நம் கையில் இல்லாத…”

“மிஷின்ல கோளாறு இல்ல சார்,” என்றார் கையூம். சத்தமே இல்லாமல்தான் சொன்னார்.

மழை நின்றிருந்தது. எல்லாரும் கிருஷ்ணசாமியைப் பார்த்தார்கள். அன்னக்கிளி சன்னலுக்கு அருகில் வந்தாள். பதினைந்து நாளில் இளைத்திருந்தாள். இருபது நிமிடம் பேசத் தெரிந்த தலைவருக்கு இப்போது ஒரு வாக்கியம் தேவைப்பட்டது. அது நாக்கில் வந்தபோது தூய தமிழெல்லாம் உதிர்ந்துவிட்டது.

“நான்தாம்மா கழட்டுனேன். அன்னிக்கு. வண்டி நல்லாத்தான் இருந்துச்சு. அந்தச் சாமான் என் சட்டப் பையில இருந்துச்சு. நீங்க தள்ளும்போது.”

ராஜவேல் ஒரு அடி முன்னால் வந்தான். முஷ்டி இறுகியிருந்தது. அன்னக்கிளி அவன் முழங்கையைப் பிடித்தாள்.

“வேணாம்பா. எனக்குத் தெரியும்.”

“தெரியுமா?” இராமதாஸின் குரல் கீச்சிட்டது.

“அவுரு அன்னிக்கே சொன்னாரு. மூணு வருசமா தள்ளுன மனுசன். நல்லாருக்குற வண்டின்னா தள்ளும்போது ஒரு தபாவாச்சும் இருமும், இது இருமவே இல்ல, சாரு என்னமோ கழட்டி வச்சிருக்காருன்னு என் காதுல சொன்னாரு.” அவள் குரல் உடையவில்லை. உடைந்திருந்தால் கிருஷ்ணசாமிக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். “அப்பறம் ஏன்யா தள்றன்னு கேட்டேன். நாம இப்ப நிறுத்துனா தெரிஞ்சிடுச்சுன்னு சாருக்கு வெக்கமாப் பூடும், கோடி வரைக்கும் தள்ளிட்டு வுட்ருவோம்னாரு.”

அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“நாளைக்கு நாங்க பஸ்ல போயிக்கிறோம் சார்.”

அடித்திருக்கலாம். ராஜவேலை விட்டிருக்கலாம். திட்டியிருக்கலாம். அவர்கள் வெறுமனே போனார்கள். ஒவ்வொரு வீட்டுக் கதவாகச் சாத்துகிற சத்தம் வரிசையாகக் கேட்டது. கையூம் தன் சைக்கிளை எடுத்துக்கொண்டு, கூலி கேட்காமலே போனார். அது கூடுதல் அடி.

கிருஷ்ணசாமியால் காரைவிட்டு இறங்க முடியவில்லை. இறங்கினால் அந்தத் தெருவில் நடந்து வீட்டுக்குப் போக வேண்டும். நாற்பது தப்படிதான். பதினொரு வாசல். பதினொரு வாசலையும் கடக்கிற முகம் அவரிடம் இல்லை. இருட்டட்டும் என்று உட்கார்ந்திருந்தார்.

தூறல் மறுபடி ஆரம்பித்தது.

பின்னால் யாரோ செருமினார்கள்.

கார் நகர்ந்தது.

பிரேக்கை மிதித்தார். கால் தரைவரை போனது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். இழுத்தபடியே நின்றது, கார் நிற்கவில்லை. வேகமில்லை. ஒரு ஆள் தள்ளுகிற வேகம்தான். கண்ணாடியில் ஈரத் தெரு மட்டும் தெரிந்தது. பின்னால் செருப்புகள் தண்ணீரில் சளக் சளக் என்று வந்துகொண்டிருந்தன. நடுநடுவே இழுத்து இழுத்து ஒரு மூச்சு.

பெரிய வீதியில் கார் திரும்பியாக வேண்டிய இடம் வந்தது. ஸ்டியரிங்கை யாரும் திருப்பவில்லை. அதை அவர்தான் திருப்பினார். எங்கே போக வேண்டும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. பதினைந்து நாள் தாமதமாக, பெரியாஸ்பத்திரி இருக்கிற தெற்குப் பக்கம் திருப்பினார்.

“என்ன தலைவரே, வண்டி சத்தமே இல்லாமப் போவுது! புது எஞ்சினா?” சைக்கிள் கடைக்காரர் கை தூக்கினார். வாழ்நாளில் முதன்முறையாகக் கிருஷ்ணசாமி ஒரு வணக்கத்துக்குப் பதில் வணக்கம் வைக்கவில்லை.

மணிக்கூண்டு வந்தது. அங்கே கார் நின்றது.

பின்னாலிருந்த மூச்சும் நின்றது.

அவர் காத்திருந்தார். திரும்பிப் பார்க்கக் கழுத்து மறுத்தது. “சாமிக்கண்ணு,” என்றார். அந்த மனிதரைப் பெயர் சொல்லி அழைத்து எத்தனை நாள் ஆயிற்று என்று யோசித்தார். அழைத்ததே இல்லை. ‘தள்ளுப்பா’ என்பதுதான் பெயர். “சாமிக்கண்ணு, போதும்பா. நான் எறங்கித் தள்றேன். நீங்க உள்ள உக்காருங்க.”

கதவைத் திறக்கப் பார்த்தார். நான்கு கதவும் இறுகிக் கிடந்தன.

மூச்சு மறுபடி இழுத்தது. கார் நகர்ந்தது.

எவ்வளவு நேரம் போயிற்று என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரி வளைவுக்குள் நுழைந்து, அவசரப் பிரிவு வாசலில், டியூப் லைட்டின் கீழே கார் ஒழுங்காக ஓரம் கட்டி நின்றது. காக்கிச் சட்டை போட்ட வார்டு ஊழியர் ஒருவர் தள்ளுபடுக்கையை உருட்டிக்கொண்டு ஓடிவந்தார். கிருஷ்ணசாமியின் சன்னலைக் கண்டுகொள்ளாமல் நேராகக் காரின் பின்பக்கம் போனார்.

“ஐயோ, வேர்த்துக் கொட்டுதே! ஏன்யா, நடந்துக்கினே வந்தியா? மெதுவா, மெதுவா. கைய என் தோள்மேல போடு. அப்பிடித்தான். கால நீட்டு.”

கண்ணாடியில் ஊழியர் மட்டும் தெரிந்தார். வெறும் காற்றை அணைத்துப் படுக்கையில் சாய்த்துக்கொண்டிருந்தார். படுக்கையின் ரெக்ஸின் மேல், தலையிலிருந்து கால்வரை, ஒரு ஆள் நீளத்துக்குப் பள்ளம் விழுந்தது. சக்கரங்கள் கீச்சிட்டன.

படுக்கையைத் தள்ளிக்கொண்டு போகிற வழியில் ஊழியர் சன்னலருகே ஒரு கணம் நின்றார். மெரூன் வெல்வெட்டைப் பார்த்தார். பிறகு கிருஷ்ணசாமியைப் பார்த்தார்.

“பாத்தா படிச்சவரு மாதிரி இருக்கீங்க. நெஞ்சு வலிக்கிற மனுசனத் தள்ள வுட்டுட்டு, நீங்க உள்ள குந்திக்கினு வர்றீங்களே சார். வெக்கமா இல்ல?”